195க்கு எது கிடைக்கும்?

2024 பிளஸ் டூ தேர்வில் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர். அடுத்த ஆண்டு அதே பாடத்தில் 3,181 பேர். இயற்பியலில் 633 ஆக இருந்தது 1,125 ஆனது. கணிதத்தில் 2,587 ஆக இருந்தது 3,022 ஆக ஏறியது. பொறியியல் கவுன்சலிங்குக்கான கட்ஆஃப் இந்த மூன்று பாடங்களை வைத்துத்தான் வருகிறது. கணித மதிப்பெண் முழுசாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200. அப்படியானால் 2024இல் 195 வாங்கிய பிள்ளையும் 2025இல் 195 வாங்கிய பிள்ளையும் வரிசையில் ஒரே இடத்தில் நிற்க முடியாது. இரண்டு பேரும் ஒரே அளவு படித்திருக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் பெரிது.

200க்கு 200 எடுத்தவர்கள் 2024 தரவரிசைப் பட்டியலில் 65 பேர், 2025இல் 144 பேர். பட்டியலில் இடம்பெற்ற மொத்தப் பேரும் ஏறக்குறைய 2 லட்சத்திலிருந்து 2.41 லட்சமாகிவிட்டார்கள்.

நான் அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் தொடங்கி கவுன்சலிங் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் யாராவது ஒருவர் மார்க் ஷீட் ஜெராக்ஸோடு உட்கார்ந்திருப்பார். என் மாணவர்கள், அவர்களுடைய சித்தப்பா பிள்ளைகள், தெருவில் பழக்கமானவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், 195 வருது. எது கிடைக்கும்?" கையில் போன வருடக் கட்ஆஃப் பட்டியல் ஒன்றும் இருக்கும். யாரோ தயாரித்தது, வாட்ஸ்அப்பில் நாலு குரூப் சுற்றி வந்தது. அதில் 195க்கு நேராக இருக்கிற கல்லூரியைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கல்லூரி முடிவாகிப்போயிருக்கும்.

அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ரேங்க் வரும் வரை காத்திருக்கச் சொல்வேன். நிறைய பேருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் காரணம் எளிது. கட்ஆஃப் கேள்வித்தாளைப் பொறுத்து ஏறும், இறங்கும். கல்லூரிகளில் இருக்கிற இடங்கள் அந்த வேகத்தில் மாறுவதில்லை. போன வருடம் ஒரு கல்லூரியில் ஒரு பிரிவு 6,000ஆவது ரேங்கோடு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் வினாத்தாள் சுலபமாக இருந்தாலும் கடினமாக இருந்தாலும் அந்தப் பிரிவு ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிரம்பும். பக்கத்தில் புதிதாக இடங்கள் கூடினாலோ, திடீரென்று ஒரு பிரிவின் மேல் எல்லாருக்கும் மோகம் வந்தாலோ கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆகவே, போன வருடத்தோடு ஒப்பிட வேண்டியது ரேங்கை. முந்தைய ஆண்டுகளின் அலாட்மென்ட் பட்டியல்களில் ரேங்க், கல்லூரி எண், பிரிவு, எந்த ஒதுக்கீட்டில் கிடைத்தது என்ற எல்லாமே இருக்கும். அதைப் பொறுமையாகப் பார்க்க ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு 'கவுன்சலிங் கைடன்ஸ்' தருகிறேன் என்பவர்களும் இதே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா தன் மகளோடு வந்திருந்தார். எங்கள் பள்ளியில் படித்த பெண், நன்றாகப் படிப்பவள். கட்ஆஃப் 194.5. அவளுடைய கனவு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி. "சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் கிண்டி காலேஜ்னு சொல்லிட்டோம் டீச்சர். இவளும் ரெண்டு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருந்தா. இப்ப கஷ்டம்னு சொல்றாங்களே?" என்றார். மகள் நடுவில் புகுந்து, "மிஸ், அப்போ நான் சரியா எழுதலையா?" என்று கேட்டாள்.

மூன்று பாடத்திலும் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்த பெண் கேட்கிற கேள்வி இது. இதைக் கேட்கவேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது அவளுடைய மதிப்பெண் இல்லை. எனக்கு அப்போது ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, 200லிருந்து 190 வரை வரக்கூடிய எல்லாக் கட்ஆஃபையும் எழுதச் சொன்னேன். 200, 199.5, 199 என்று எழுதிக்கொண்டே போனாள். பாடங்களில் முழு எண்ணாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கும்போது அரை மட்டும் வரும், கால், அரைக்கால் எல்லாம் வராது. எழுதி முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். 21. "மாநிலத்துல முன்வரிசையில் இருக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைங்க எல்லாரும் இந்த இருபத்தோரு படியில்தான் நிக்கணும். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் இருப்பாங்கன்னு நீயே யோசி" என்றேன்.

ஒரே படியில் நிற்பவர்களைப் பிரிக்க முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அப்புறம் விருப்பப் பாடம் என்று போய், பிறந்த தேதி வரைக்கும் ஒத்துப்போனால் ரேண்டம் எண்ணில் வந்து நிற்கும். ஆக, அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கான இடங்கள் பின்னால் போவது சாதாரணம். அதற்கும் அந்தப் பெண்ணின் அறிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் கணிதத்தில் ஒரே ஒரு 1 மதிப்பெண் வினாவை வேறு மாதிரி எழுதியிருந்தால் இரண்டு படி மேலே இருந்திருப்பாள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அளவுகோல் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது.

ரேங்கில் இரண்டு உண்டு, பொது ரேங்க், சாதிவாரி ரேங்க். இரண்டையும் பார்க்கவேண்டும். பல பெற்றோர் தங்கள் ஒதுக்கீட்டு இடங்களில் மட்டுமே பிள்ளைக்கு வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுப் போட்டிக்கு உள்ள 31 சதவீத இடங்களில் எல்லாருமே போட்டியிடலாம். அதற்கு அப்புறம் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1. இதை ஒரு வகுப்பறை அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் நிலைமை புரியும். 60 இடம் உள்ள ஒரு பிரிவில் பி.சி. பங்கு ஏறக்குறைய 16 இடம். பொதுப் போட்டிக்கு 19க்குள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்தைத் தனியாக எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். கோயம்புத்தூரில் ஒரு நல்ல கல்லூரியில் ஒரு நல்ல பிரிவு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அங்கே மாநிலம் முழுவதிலும் இருந்து வரும் பி.சி. பிள்ளைகளுக்குப் பதினாறு நாற்காலி.

அரசுப் பள்ளி ஒதுக்கீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இலிருந்து பொறியியலிலும் இது கிடைக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பிரச்சினை தலைகீழாக இருக்கும். 180க்கு மேல் வைத்திருக்கிற பையன், "நமக்கெல்லாம் அங்க எங்க மிஸ் கிடைக்கும்" என்று அண்ணா பல்கலைக்கழக வளாகங்களைப் பட்டியலிலேயே போடாமல் விட்டுவிடுவான். எதிர்பார்ப்பை நடைமுறைக்கு ஏற்ற மாதிரி வைக்கவேண்டும் என்று சொல்வதில் இதுவும் அடங்கும். குறைத்துக்கொள்ளச் சொல்லவேண்டிய வீடுகள் இருக்கிற மாதிரி, ஏற்றிக்கொள்ளச் சொல்லவேண்டிய வீடுகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரண்டாவது வகைதான் அதிகம்.

2017 வரைக்கும் கவுன்சலிங்குக்கு நேரில் சென்னை போகவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்து, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி இருக்கிறது என்பதைத் திரையில் காட்டுவார்கள். பஸ்ஸில் இரவெல்லாம் பயணம் செய்து போன களைப்பு, செலவு எல்லாம் இருந்தாலும் அதில் ஒரு நல்லது இருந்தது. நினைத்திருந்த கல்லூரி நிரம்பிவிட்டது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். 2018இல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் இப்போது எது மிச்சமிருக்கும் என்று தெரியாமலே விருப்பப் பட்டியலைப் போட்டுப் பூட்டவேண்டும். ஆகவே நம்முடைய எதிர்பார்ப்பு எவ்வளவு சரியானது என்பது முழுக்க அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

அந்தப் பெண் கொண்டுவந்த பட்டியலில் ஒன்பதே வரிசை இருந்தது. கிண்டியில் நாலு பிரிவு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மூன்று, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் இரண்டு. அவ்வளவுதான். எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஈ.சி.இ. என்கிற எலக்ட்ரானிக்ஸ் வகையறா. அதற்குக் கீழே எதுவும் இல்லை. "மத்ததெல்லாம் பார்க்கலையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கிடைச்சாலும் போகப் போறதில்லையே மிஸ்" என்றாள். இந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. கவுன்சலிங் ரேங்க் வரிசையில் ரவுண்டு ரவுண்டாக நடக்கும். இந்த ஒன்பதும் கிடைக்காவிட்டால் அந்த ரவுண்டில் அவளுக்கு எதுவுமே ஒதுக்கப்படாது. அடுத்த ரவுண்டில், அவளைவிடக் கீழே இருக்கிற ரேங்க்காரர்களோடு சேர்ந்து, ஏற்கெனவே பாதி நிரம்பிப்போன கல்லூரிகளுக்கு முயற்சி செய்யவேண்டும். நல்ல ரேங்க் வைத்திருந்தும் அதை வீணாக்கிக்கொள்ள இதைவிட வேகமான வழி கிடையாது.

பட்டியலின் முதல் பத்து இடங்களைப் பற்றி வீட்டில் நாள்கணக்கில் சண்டை நடக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மேலேயா, கிண்டி ஈ.சி.இ. மேலேயா என்று அண்ணன், மாமா, பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். பதினைந்தாவது இடத்திலிருந்து முப்பதாவது இடம் வரை போடுவதை, கடைசி நாள் இரவு பத்து மணிக்கு பிரவுசிங் சென்டர் தம்பி பார்த்து நிரப்பிக் கொடுப்பார். ஆனால் சீட் பெரும்பாலும் கிடைப்பது அந்த நடுப்பகுதியில்தான். நாலு வருடம் பிள்ளை படிக்கப்போகிற கல்லூரியை முன்பின் தெரியாத ஒருவர் தூக்கக் கலக்கத்தில் தேர்ந்தெடுக்க விட்டுவிடுகிறோம். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். மேலே ஆசைப்பட்டதை எல்லாம் போடுங்கள். போன வருடம் உங்கள் ரேங்குக்குக் கொஞ்சம் முன்னால் நிரம்பியவற்றையும் போடுங்கள், தவறே இல்லை. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதற்காக யாருக்கும் எதுவும் குறையாது. ஆனால் உட்கார்ந்து விசாரிக்கிற நேரத்தில் பெரும்பகுதியை உங்கள் ரேங்குக்கு அக்கம்பக்கத்தில் நிரம்பிய கல்லூரிகளுக்குக் கொடுங்கள். அவற்றுக்குப் போய் வாருங்கள். லேப் எப்படி இருக்கிறது, ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைத்து இருக்கிறார்களா, மூன்றாம் வருடப் பிள்ளைகள் கேன்டீனில் என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடப் பிள்ளையிடம் கால் மணி நேரம் பேசினால், விளம்பரப் பலகையில் இருக்கிற சம்பள எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும்.

நிரப்பும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டியவை சில உண்டு. சி.ஐ.டி. என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கோயம்புத்தூர் என்று நினைப்பார்கள். சென்னையிலும் ஒரு சி.ஐ.டி. இருக்கிறது. பி.எஸ்.ஜி. பெயரில் பீளமேட்டில் ஒன்று, நீலாம்பூரில் ஒன்று. கல்லூரி எண் 2006 என்றால் பீளமேடு பி.எஸ்.ஜி., 2007 என்றால் கோயம்புத்தூர் சி.ஐ.டி. ஒரே ஒரு எண் தள்ளி அடித்தால் கல்லூரியே மாறிப்போகும். பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் அது சுயநிதிப் பிரிவு; அதே கல்லூரி, அதே வகுப்பு மாதிரி தெரியும், கட்டணம் வேறு. கிண்டியில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் உண்டு, 2010இல் ஆரம்பித்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, மெக்கானிக்கலில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கிண்டி என்ற பெயருக்காக மட்டும் அதை எடுக்காதீர்கள், அது வேறு விஷயம்.

அந்தப் பெண்ணின் ஒன்பது முப்பதுக்கும் மேல் ஆனது. கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியான ஜி.சி.டி., மதுரை தியாகராசர், காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுக் கல்லூரி எல்லாம் உள்ளே வந்தன. ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது, "இது கிடைச்சா போவியா?" என்று கேட்டேன். போகமாட்டேன் என்றால் எழுதவில்லை. சில பெயர்களுக்கு அவள் யோசித்தாள், அவள் அப்பா தூரத்தைக் கேட்டார், பஸ் வசதியைக் கேட்டார். கடைசியில் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியும் அவளே சம்மதித்த வரி. நடுவில் இருந்த ஒன்று கிடைத்தது, மதுரையில் ஈ.சி.இ. பிரிவு. அலாட்மென்ட் வந்த அன்று போனில் அவள் குரலில் ஏமாற்றம் இல்லை. கிண்டி கிடைக்கவில்லை என்பதை அவள் மூன்று வாரம் முன்னாலேயே, எங்கள் வீட்டு முன்னறையில், அந்த இருபத்தோரு படியைப் பார்த்தபோதே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

ஐ.ஐ.டி. கனவு இருக்கிற வீடுகளுக்கு இதைவிடக் கடுமையான கணக்கு. 2025இல் முதல் கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் ஏறக்குறைய 14.75 லட்சம் பேர். ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுதியவர்கள் 1.80 லட்சம். அதில் தகுதி பெற்றவர்கள் 54,378. 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 18,160. அதாவது, அட்வான்ஸ்டில் தகுதி பெற்றவர்களிலேயே மூன்று பேருக்கு ஒரு இடம். "அட்வான்ஸ்டு க்ளியர் பண்ணிட்டான்" என்று ஊருக்கெல்லாம் சாக்லேட் கொடுத்த வீட்டில், ஒரு மாதம் கழித்து ஏன் சீட் இல்லை என்று பிள்ளையைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். மெயினில் 99 பெர்சன்டைல் என்றால் முதலிடத்துக்கு ஒரு மதிப்பெண் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். 14.75 லட்சத்தில் ஒரு சதவீதம் 14,750. அத்தனை பேர் அந்தப் பையனுக்கு முன்னால் இருக்கிறார்கள். 93 பெர்சன்டைல் என்றால் ஒரு லட்சத்துக்கும் மேல். இது அவன் சாதனையைக் குறைப்பதற்காகச் சொல்வதில்லை. பதினைந்து லட்சம் பேரில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருவது பெரிய விஷயம். அந்தப் பெரிய விஷயத்தைச் செய்த பிள்ளையை 'கிடைக்கலையா?' என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்க்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மெயின் ரேங்கை வைத்துச் சேர்க்கிற திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. ஐ.ஐ.டி. கிடைக்காது என்று தெரிந்ததும் மெயின் மதிப்பெண்ணைக் குப்பையில் போட்டுவிடுகிற வீடுகள் இதைப் பார்ப்பதே இல்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்கவேண்டும். கவுன்சலிங்குக்குக் கொடுக்கிற நம்முடைய சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. தாலுகா ஆபீஸில் ஜூன் மாதம் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வீட்டில் நடக்கிற பேச்சு பற்றியும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பில் 480 எடுத்த அன்றே "அண்ணா யுனிவர்சிட்டிதான்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். அப்புறம் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பிள்ளையின் பெயரோடு அந்தக் கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து இறங்கி வர வழியே கிடையாது. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு ஆரம்பிக்கும்போதே பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, கல்லூரிப் பெயரைச் சொல்லாதீர்கள், வேண்டுமானால் படிப்பின் பெயரைச் சொல்லுங்கள் என்பதுதான். "எலக்ட்ரானிக்ஸ் படிக்கணும்னு ஆசைப்படுறா" என்று சொல்லி வைத்தால் அதை நிறைவேற்ற தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இருக்கின்றன. "கிண்டியில படிக்கணும்னு ஆசைப்படுறா" என்றால் ஒன்றே ஒன்று.

ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்றதும் இரண்டு அவசர முடிவுகள் வரும். ஒன்று, மேனேஜ்மென்ட் கோட்டா. நகையை வைத்து, நிலத்தை வைத்து லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். கவுன்சலிங்கில் கிடைக்கிற இடத்துக்கும் அதற்கும் படிப்பில் அந்த அளவு வித்தியாசம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு மட்டும் நாலு வருடமும் அந்தக் கடன் நினைவில் இருந்துகொண்டே இருக்கும். ஒரு அரியர் வைத்தால்கூட வீட்டில் சொல்லப் பயப்படும். கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இன்னொன்று, ஒரு வருடம் வீட்டில் இருந்து திரும்ப எழுதுவது. மருத்துவத்துக்கு நீட் எழுதுகிற பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள், அங்கே அதற்குக் காரணம் உண்டு. பொறியியலுக்கு, கிண்டி கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வருடத்தைக் கொடுப்பது தேவையில்லை. பிள்ளை தானாகவே கேட்டு, என்ன படிக்கப்போகிறேன் என்று தெளிவாகச் சொன்னால் யோசிக்கலாம். பெற்றோர் கேட்டுப் பிள்ளை தலையாட்டினால் வேண்டாம்.

அலாட்மென்ட் வந்தபிறகு முடிவெடுக்கக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நாள். அதற்குள் பதற்றத்தில் தப்பான பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். பரவாயில்லை, ஆனால் பட்டியலில் இதற்கு மேலே இருப்பது காலியானால் வேண்டும் என்றால், ஏற்றுக்கொண்டு அப்வர்ட் கேட்கலாம். இருக்கிற இடம் கையைவிட்டுப் போகாது, ஆனால் கவுன்சலிங் சேவை மையத்துக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டவேண்டும், அதை மறந்தால் இடம் ரத்து. மறுத்துவிட்டு அப்வர்ட் மட்டும் கேட்பது என்று இன்னொன்று இருக்கிறது. மேலே கிடைக்காவிட்டால் கையில் இருப்பதும் இருக்காது. 'அப்வர்ட்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு இதை அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்த பையனை எனக்குத் தெரியும். பட்டியலை நிரப்பும்போதே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது வந்தால் சேருவேன்', 'இது வந்தால் மேலே கேட்பேன்' என்று பென்சிலில் குறித்து வைத்துக்கொண்டால் அந்த இரண்டு நாளில் யோசிக்க எதுவுமே இருக்காது.

எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் ரேங்க் வந்ததும் வீட்டுக்கு வரலாம். விருப்பப் பட்டியலைப் போடுகிற சாய்ஸ் ஃபில்லிங் மூன்று நாள்தான் திறந்திருக்கும், ஆகவே அதற்கு முந்தைய வாரமே வந்துவிடுங்கள். வரும்போது பிள்ளையைக் கட்டாயம் அழைத்துக்கொண்டு வாருங்கள். போன வருட அலாட்மென்ட் பட்டியலைப் பிரிண்ட் எடுக்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்ற விவரம், இவை மட்டும் போதும்.